கீழே கூடு, மேலே தப்பு

— திரும்பவும் அறுந்துடுச்சு அண்ணே. இது ஆறாவது தடவை.

— பொறு பொறு, தங்கச்சி. முதல்ல போனை மெஷின் பலகையிலேருந்து எடு. நீ மிதிச்சா இங்க எனக்குக் காது கிழியுது. பக்கத்துல ஸ்டூல் இருந்தா அதுல வை.

— வச்சாச்சு. கதவுப் பக்கம் ஸ்டூல்ல இருக்கு. ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன்.

— மாமா, நானும் இருக்கேன். பயணிகளின் கனிவான கவனத்திற்கு. காலை ஆறு மணிக்கே புறப்பட வேண்டிய அம்மா, நூல் அறுந்த காரணத்தால, காலவரையின்றித் தாமதமாகச் செல்லும்.

— நீ கொஞ்சம் வாயை மூடுறியாடா. அண்ணே, அவன் பேச்சை விடுங்க.

— பழகட்டும் விடு. நாளைக்கு மைக் முன்னாடி உக்காரப் போறவனாச்சே. எத்தனை மணிக்கு வண்டி, மாப்ளே?

— எட்டு மணிக்கு மாமா. பஸ் ஸ்டாண்டுலேருந்தே அனுப்புறாங்க, சக்கர நாற்காலியை அப்படியே ஏத்துற வண்டி. எந்த பஸ் எந்த மேடையில நிக்குதுன்னு சொல்லணும், அவ்வளவுதான். கழுத்துக்கு மேல வேலை செஞ்சா போதும்னுட்டாங்க. எனக்கும் அது ஒண்ணுதான வேலை செய்யுது.

— வண்டி வாசல்ல வந்து நின்னா ஆச்சா? கட்டில்லேருந்து நாற்காலிக்கு இவனை யாரு மாத்துறது? அந்தத் தொட்டில்தான் மாத்தணும். அதுதான் கிழிஞ்சு கிடக்கு.

— எந்தத் தொட்டில்? கப்பி போட்டு இவனைத் தூக்குவியே, அந்தத் துணியா?

— அதேதான். அதோட பட்டை முந்தாநாள் தூக்கும்போது பிஞ்சுடுச்சு. நல்லவேளை, கட்டிலுக்கு மேலயே இருந்தான், மெத்தையில விழுந்தான். ரெண்டு நாளா எழுப்பி உக்கார வைக்க முடியாம கிடக்கான். நாலு பட்டை, ஒவ்வொண்ணுக்கும் ரெட்டைத் தையல். ஒரு மணி நேர வேலைண்ணே. விடிஞ்சதுலேருந்து உக்காந்திருக்கேன், ஒரு சாண் தைக்க முடியல.

— கையில தச்சா?

— எம்பது கிலோ அண்ணே. கைத்தையலை நம்பி இவனைத் தொங்க விடச் சொல்றீங்களா?

— இல்ல, அது தப்பு. பக்கத்துல ஆம்பளைங்க ரெண்டு பேர் வந்து தூக்கி வைக்க மாட்டாங்களா?

— போன வருஷம் அப்படித்தான் தூக்கினாங்க மாமா. ஒருத்தர் கையைப் பிடிச்சாரு, ஒருத்தர் காலைப் பிடிச்சாரு. தோள் கழண்டு போச்சு. எனக்கு வலிக்கல, அதனால ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

— அதைப் பேசாதடா. அண்ணே, நீங்க நேர்ல வர முடியாதா? ஒரே ஒரு மணி நேரம்.

— நான் இப்ப நிக்கிற இடம் ஷூ கம்பெனி, தங்கச்சி. ஊர்லேருந்து அஞ்சு மணி நேரம். மெஷின் தலையைக் கழட்டி மேஜையில பரப்பி வச்சிருக்கேன், சூப்பர்வைசர் என் பின்னாடியே மூச்சு விட்டுட்டு நிக்கிறாரு. மணி ஏழாகப் போகுது, இப்ப கிளம்பினாலும் நடுராத்திரிதான் வருவேன், கிளம்பவும் விட மாட்டாங்க. சரி, போன்லயே பார்ப்போம். நிதானமா பார்ப்போம். உன் யானைக்கு, அந்தப் பழைய மெஷினுக்கு, என்னதான் செய்யுது, சொல்லு.

— பத்துத் தையல் போகுது. அப்புறம் ஒரு நறநறப்பு. மேல் நூல் பிசிறு பிசிறாகி அறுந்துடுது. துணியைத் திருப்பினா கீழ பூரா நூல் சிக்கிக் கூடு கட்டியிருக்கு.

— கீழ கூடா? அப்போ தப்பு மேலதான் இருக்கு. எப்பவுமே அப்படித்தான். கீழ கூடு கட்டினா எல்லாரும் பாபினைப் போய்க் குடைவாங்க. கோளாறு மேல இருக்கும். என்ன நூல்?

— பஸ் சீட்டுக்குப் போடுற தடி நைலான்தான்.

— பழைய நூல் கோனா?

— போன மாசம் பிரிச்சது. வெயில்ல வைக்கல, நனையல. ஒரு முழம் எடுத்து இழுத்துப் பார்த்துட்டேன், கையை அறுக்குதே தவிர நூல் அறுந்து போகல.

— ஊசி?

— இருபத்திரண்டாம் நம்பர். ரெண்டாவது தடவை அறுந்தப்பவே புது ஊசி மாட்டிட்டேன்.

— நீ பள்ளம் எந்தப் பக்கம் பார்த்து மாட்டின? நீளமா ஒரு பள்ளம் ஓடுமே ஊசியில, அது.

— இடது பக்கம் பார்த்து. நான் என்ன நேத்து தையல் பழகினவளா அண்ணே?

— கோவப்படாத. எந்த ஊருக்குப் போனாலும் கேக்குற கேள்விதான். சரி, துணியை அமுக்குற பாதத்தை இறக்கி வச்சுட்டு நூலைப் பிடிச்சு இழு. கெட்டியா வருதா, லேசா வருதா?

— லேசாத்தான் வருது.

— பார்த்தியா. கெட்டியா வரணும். நூல் எங்கயோ உக்கார வேண்டிய இடத்துல உக்காரல. எல்லாத்தையும் உருவிட்டு முதல்லேருந்து கோத்துடு. கோத்துக்கிட்டே வாயால சொல்லு.

— ஸ்டாண்டுலேருந்து மேல வளையம். அங்கேருந்து மெஷின் தலையில இருக்கிற மூணு ஓட்டை. இறங்கி நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு ரெண்டுக்கும் நடுவுல. அதை ஒட்டி இருக்கிற சின்ன ஸ்பிரிங். மேல ஏறி, ஆடுற லீவர். இறங்கி ஓரத் தகட்டுல இருக்கிற கொக்கி. ஊசிக் கம்பியில இருக்கிற கொக்கி. ஊசி. இடது பக்கம் விட்டு வலது பக்கம் எடுத்தாச்சு.

— அம்சமா சொல்லிட்ட. இதுல ஒரு எழுத்து மாத்த முடியாது. மிதி பார்ப்போம். மெதுவா.

— மிதிக்கிறேன்.

— கேக்குது, கேக்குது. நல்லாத்தான ஓடுது… ஐயையோ.

— ஏழாவது.

— எண்ணாதடா, எரிச்சலா வருது.

— டென்ஷன் தட்டுக்கு நடுவுல பஞ்சு அடைச்சிருக்கும், தங்கச்சி. ஒரு துணியை மடிச்சு ரெண்டுக்கும் நடுவுல விட்டு இழு.

— இழுத்துட்டேன். சுத்தமாத்தான் இருக்கு. காலையில மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சேன்.

— அப்போ பாபினையும் ஒரு தடவை மாத்திப் பாரு. எனக்கு நம்பிக்கை இல்ல, இருந்தாலும் பார்த்துடுவோம். வேற பாபின் சுத்தி வச்சிருக்கியா?

— ஒண்ணு இருக்கு. இருங்க… ச்சே. விழுந்துடுச்சு.

— அம்மா, உருண்டு என் கட்டிலுக்கு அடியில போயிடுச்சு.

— எங்க? இங்க எங்கயும் இல்லையே.

— அங்க ஏன் கதவுகிட்டத் தேடுற? இந்தப் பக்கம்மா. கட்டிலுக்கு அடியில.

— பார்த்துட்டேன்டா, இல்ல. விடு, வேற சுத்திக்கிறேன். இந்த இடது கை வேற, பிடிச்சதெல்லாம் நழுவ விடுது. ராத்திரி கையை மடக்கி வச்சுக் கொஞ்சம் கண் அசந்துட்டேன் போல, இன்னும் மரத்துப் போன மாதிரியே இருக்கு.

— ரெண்டு நாளா தூங்கல மாமா அவ. ராத்திரி பூரா தொட்டிலை அளந்துட்டே இருந்தா.

— தூங்காம மெஷின்ல உக்காரக் கூடாது தங்கச்சி. விரல் போயிடும்.

— விரல் இருந்து என்ன பண்ண. நாளைக்கு எட்டு மணிக்கு இவன் வாசல்ல இல்லைன்னா அந்த வேலை அடுத்த ஆளுக்குப் போயிடும். நாலு வருஷமா எழுதிப் போட்டோம் அண்ணே. ஒவ்வொரு தடவையும் வந்து பார்ப்பாங்க, கட்டில்ல கிடக்கிறதைப் பார்ப்பாங்க, உச்சுக் கொட்டிட்டுப் போயிடுவாங்க. இந்தத் தடவை இவனை நாற்காலியில உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போய்ப் பேச வச்சேன். குரலைக் கேட்டாங்க, எடுத்துக்கிட்டாங்க. பதினோரு வருஷத்துல முதல் தடவையா இவன் இந்த ரூமை விட்டு வேலைக்குன்னு வெளிய போகப் போறான். அது ஒரு நூலால நின்னு போகணுமா?

— நிக்காதும்மா. போன் பண்ணி ஒரு வாரம் கழிச்சு வர்றேன்னு சொல்லிக்கலாம்.

— ஒரு வாரமா? நம்ம வீட்டு பஸ்ஸா அது, உனக்காக நிக்க?

— பொறு பொறு. ரெண்டு பேரும் சண்டை போட்டா யானை நடக்காது. பாபின் போட்டாச்சா?

— போட்டாச்சு.

— மிதி.

— …அறுந்துடுச்சு.

— ம்.

— என்னண்ணே, ம்-னு நிறுத்திட்டீங்க.

— யோசிக்கிறேன். கீழ சுத்துற ஷட்டிலோட மூக்குல எங்கயாவது காயம் பட்டிருக்கும். ஊசி எப்பவாச்சும் அதுல போய் இடிச்சுதா?

— இல்ல.

— இருந்தாலும் தகட்டைக் கழட்டி, நகத்தால மூக்கைத் தடவிப் பாரு. நகம் எங்கயாவது மாட்டணும்.

— மாட்டல. வழவழன்னு இருக்கு.

— ஊசித் துளை இருக்கிற தகடு? அதோட ஓரம்?

— அதுவும் நல்லாத்தான் இருக்கு. அண்ணே, என்னைக் குழந்தை மாதிரி ஒவ்வொண்ணா கேக்காதீங்க. இந்த மெஷினுக்கு இருபத்திரண்டு வருஷமா எண்ணெய் விட்டுட்டிருக்கேன். என்னமோ ஆகியிருக்கு இதுக்கு. எனக்குத் தெரியல. இன்னைக்குன்னு பார்த்து எனக்கு எதுவுமே தெரியல.

— அழாத தங்கச்சி.

— நான் அழல. கண்ணு எரியுது. காலையிலேருந்து தலைவலி வேற, ஒரு பக்கமா இடிக்குது.

— ஒரு வாய் டீ குடி. பத்து நிமிஷம் எழுந்து நட.

— டீயை வச்சு அரை மணி நேரமாச்சு மாமா. அப்படியே ஆடை கட்டிக் கிடக்கு. அம்மா, இங்க இருக்கு பாரு, கத்திரிக்கோல் பக்கத்துல.

— எங்கடா? கத்திரிக்கோலையே காணோம்னு தேடிட்டிருக்கேன். நூலைப் பல்லால கடிச்சுட்டிருக்கேன்.

— உன் இடது முழங்கைகிட்டத்தான் இருக்கு ரெண்டும்.

— சரி சரி, அப்புறம் குடிக்கிறேன். டீ இப்ப யாருக்கு வேணும்.

— தங்கச்சி, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. நீ எனக்கு எல்லாத்தையும் சரியாச் சொல்ற. சரியாச் சொன்னா மெஷின் ஓடணும். ஓடல. அப்போ சொல்றதுக்கும் அங்க இருக்கிறதுக்கும் நடுவுல என்னமோ இடிக்குது. எனக்கு அங்க ஒரு ஜோடிக் கண்ணு வேணும். மாப்ளே, நீ படுத்திருக்கிற இடத்துலேருந்து மெஷின் தெரியுதா?

— தலைப்பக்கம் நல்லாத் தெரியும் மாமா, என் கட்டில் அம்மாவுக்கு இடது பக்கம்தான். ஊசி நேரா எனக்கு எதிர்லதான் இருக்கு. பதினோரு வருஷமா எனக்கு டிவியே அதுதான்.

— அவனுக்கு என்ன தெரியும் அண்ணே?

— தெரியுறதைச் சொல்லட்டும், தெரியாததை நான் பார்த்துக்கிறேன். மாப்ளே, மெஷினோட ஓரத்துல, உன்னைப் பார்த்த மாதிரி இருக்கிற தகட்டுல ஒரு கம்பிக் கொக்கி இருக்கா?

— இருக்கு.

— அதுல நூல் இருக்கா?

— இல்ல.

— இருக்கு. இப்பத்தான் மாட்டினேன்.

— இல்லம்மா. நூல் லீவர்லேருந்து நேரா கீழ இறங்குது. கொக்கி சும்மாதான் இருக்கு.

— நல்லா பாரு மாப்ளே. டென்ஷன் தட்டை ஒட்டி ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும், உன் பக்கமா நீட்டிட்டு. அதுல?

— அதுலயும் இல்ல மாமா. ஸ்பிரிங்குக்கு அந்தப் பக்கமாவே நூல் மேல ஏறிடுது.

— என்னடா உளர்ற? ஸ்பிரிங்ல மாட்டாம எவளாவது தைப்பாளா?

— நான் உளரல, பார்க்கிறதைச் சொல்றேன். மாமா, இன்னொண்ணு. ஊசியில நூல் எந்தப் பக்கமா போகணும்?

— உன் பக்கத்துலேருந்து உள்ள போய், கதவுப் பக்கமா வெளிய வரணும்.

— இங்க திருப்பி இருக்கு. கதவுப் பக்கமா உள்ள போயிருக்கு, வால் என் பக்கம் தொங்குது.

— அடப் போடா. படுத்துக்கிட்டே எனக்குத் தையல் சொல்லித் தர்றியா? நீ குளிக்கிறது, திங்கிறது, திரும்பிப் படுக்கிறது எல்லாம் என் கையில. என் கை எப்படி ஊசி கோக்கணும்னு நீ சொல்றியா?

— தங்கச்சி.

— என்னண்ணே.

— அப்படிப் பேசாத புள்ளையை.

— தெரியாமச் சொல்லிட்டேன்டா. அம்மாவுக்கு மண்டை காயுது. இன்னைக்கு வாயில என்ன வருதுன்னே தெரியல. விடு. மனசுல வச்சுக்காத.

— பரவாயில்லம்மா. நிஜத்தைத்தான சொன்ன.

— நிஜமில்லடா. சும்மா இரு. நிஜமில்ல அது.

— சரி, நான் சொல்றதைக் கேளு தங்கச்சி. அந்த ஓரக் கொக்கியை விரலால தொடு. தொட்டுட்டுச் சொல்லு.

— தொட்டுட்டேன்.

— மாப்ளே?

— தொடல மாமா. லீவரைப் பிடிச்சுட்டிருக்கா.

— அதுக்கும் இந்தப் பக்கம் தங்கச்சி. மெஷினோட கடைசி ஓரம். இடது ஓரம்.

— இதுதான் அண்ணே கடைசி. இதுக்கு அந்தப் பக்கம் மெஷினே இல்லையே.

— இல்லையா?

— முடிஞ்சுடுச்சு அண்ணே. இதோட முடிஞ்சுடுது.

— மாப்ளே, அங்க அதுக்கு அப்புறம் எவ்வளவு மெஷின் இருக்கு?

— நாலு விரல் அகலத்துக்கு இருக்கு மாமா. ஓரத் தகடு, கொக்கி, லைட்டு எல்லாம் அங்கதான இருக்கு. அம்மா, விளையாடுறியா?

— நான் எதுக்குடா விளையாடப் போறேன்?

— பொறு. பொறு பொறு. தங்கச்சி, ஒரு நிமிஷம் நீ பேசாத, மெஷினை மிதிக்காத. நான் மாப்ளேகிட்ட மட்டும் ஒண்ணு கேக்குறேன். மாப்ளே, நிதானமா யோசிச்சுச் சொல்லு. அம்மா இன்னைக்கு வேற எதையாவது இப்படிப் பாதியில விட்டாளா?

— பாதின்னா?

— எதுவா இருந்தாலும் சரி. ஒரு பக்கம் செஞ்சுட்டு இன்னொரு பக்கத்தை மறந்த மாதிரி.

— காலையில எனக்கு ஷேவ் பண்ணி விட்டா மாமா, நாளைக்காக. ஒரு கன்னம் மட்டும்தான் பண்ணினா. பாதி மீசையும். சோப்பை இன்னொரு கன்னத்துல அப்படியே விட்டுட்டு, அழகா இருக்கேன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா. மெஷின் ஞாபகத்துல போயிட்டான்னு நினைச்சேன். நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

— அப்புறம்?

— உள்ள போகும்போது கதவு நிலையில தோளை இடிச்சுக்கிட்டா. ரெண்டு தடவை. அப்புறம் மாமா… நான் பேசினா போனைப் பார்த்துப் பேசுறா. இவ்வளவு நேரமா. நான் இந்தப் பக்கம் இருக்கேன், அவ ஸ்டூலைப் பார்த்துட்டே எனக்குப் பதில் சொல்றா. கோவத்துல பண்றான்னு நினைச்சேன்.

— என்னடா என்னைப் பத்தியே கோள் மூட்டுற? அண்ணே, நேரம் போகுது.

— தங்கச்சி, ஒரே ஒரு வேலை. ரெண்டு கையையும் மேல தூக்கு. நேரா, தலைக்கு மேல.

— இதுக்கும் நூலுக்கும் என்ன சம்பந்தம்?

— இருக்கு, தூக்கு. அண்ணன் சொல்றேன்ல.

— தூக்கிட்டேன்.

— ரெண்டையும்?

— ரெண்டையும்தான் அண்ணே. இறக்கவா?

— மாப்ளே.

— ஒரு கைதான் மாமா. வலது கைதான் மேல இருக்கு. இன்னொண்ணு மடியிலயே கிடக்கு.

— ரெண்டும் மேலதான்டா இருக்கு.

— அம்மா, என்னைப் பாரு. மாமா, என்னாச்சு அவளுக்கு? மாமா?

— கேளு மாப்ளே, பதறாம கேளு. எங்க அண்ணனுக்கு இதேதான் ஆச்சு. தட்டுல ஒரு பாதியைத் தின்னுட்டு, எனக்கு ஏன் கம்மியா வச்சீங்கன்னு சண்டை போட்டாரு. மூளையில ரத்தம் அடைச்சுடுச்சு. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவருக்குத் தெரியாமப் போச்சு. தெரியலைங்கிறதும் தெரியல. அம்மா பொய் சொல்லல. அவ நூல் கோக்குற வரிசையை மனப்பாடமாச் சொல்லிட்டா, நானும் பெரிய மெக்கானிக்கு, சொன்னதைக் கேட்டுட்டு ஒரு மணி நேரமா மெஷினைக் குடைஞ்சுட்டிருந்தேன். மெஷின்ல ஒண்ணுமில்ல மாப்ளே.

— அவளை இப்பவே தூக்கிட்டுப் போகணுமா?

— இப்பவே. ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. சார், உங்க போனைக் குடுங்க. மெஷின் கிடக்கட்டும் சார், போனைக் குடுங்க. மாப்ளே, நான் இந்த லைனை வைக்க மாட்டேன், வேற போன்ல ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன். உங்க தெருமுனை சைக்கிள் கடைக்காரருக்கும் சொல்றேன். கதவு தாழ் போட்டிருக்கா?

— இல்ல, சும்மா சாத்தித்தான் இருக்கு.

— நல்லது. அம்மாவை மெஷின்லேருந்து எழுப்பிக் கீழ உக்கார வை. தண்ணி குடுக்கக் கூடாது, மாத்திரை குடுக்கக் கூடாது. விழுந்துடாம பிடிச்சுக்கோ.

— நான் எப்படி மாமா பிடிக்கிறது?

— …ஆமால்ல. ஆமா. ஐயோ. சரி, பேசிட்டே இரு. உன்னால அது முடியும். பேசிட்டே இரு, நான் சொல்லிட்டு வந்துடுறேன்.

— அம்மா.

— என்னடா. அண்ணன் எங்க போனாரு? என்னமோ ஆம்புலன்ஸுங்கிறாரு.

— நாமதான்மா போறோம். உனக்கு உடம்பு சரியில்ல.

— எனக்கா? எனக்கு என்ன? லேசா தலைவலி. ரெண்டு நாள் தூங்காதது, அவ்வளவுதான். அண்ணனுக்கு எப்பவுமே கைக்காரியம் ஆகலைன்னா வாய்க்காரியம்.

— மெஷினை விட்டு எந்திரி. எந்திரிச்சுக் கீழ உக்காரு. எனக்காகம்மா.

— கீழ உக்காந்தா தைக்கிறது யாரு? இன்னும் மூணே முக்கால் பட்டை இருக்கு. நீ நாளைக்குப் போகணும்.

— நான் போகல. எனக்கு அந்த வேலை வேண்டாம்.

— வாயைக் கழுவு. பதினோரு வருஷமா இதே கூரையைப் பார்த்துட்டுக் கிடந்தது போதாதா? நாளைக்கு நாலு பேர் உன் குரலைக் கேட்டு பஸ் ஏறணும். நான் டிக்கெட் எடுத்து அங்க வந்து உக்காந்து கேப்பேன். எந்த பஸ்ஸுக்கும் ஏற மாட்டேன், சும்மா உக்காந்து கேப்பேன்.

— அம்மா, ஊசியில கை வைக்காத. அம்மா. பெடல்லேருந்து காலை எடு. மாமா! மாமா, சீக்கிரம் வாங்க, அவ மிதிக்கப் போறா.

— கத்தாதடா. எடுத்துட்டேன். பாரு, காலை எடுத்துட்டேன். இப்ப என்ன வேணும் உனக்கு?

— என் பக்கத்துல வந்து உக்காரு. வேற ஒண்ணும் வேணாம். என் கட்டில்ல சாஞ்சு உக்காந்துக்கோ, ஆள் வர்ற வரைக்கும்.

— ஏன்டா அழற? பெரிய ஆம்பளை, நாளைக்கு வேலைக்குப் போறவன். உனக்கு ஏதாவது வலிக்குதா?

— ஆமா. வலிக்குது. அதனால வா.

— வர்றேன், வர்றேன். அம்மா வந்துட்டேன், அழாத. எங்கடா இருக்க நீ? சத்தம் மட்டும் கேக்குது. இங்க கட்டிலையே காணோமே.